காலி இடத்துக்குப் பிளான் வரைந்தவன்

பட்டணத்தில் வீடு வரைகிறவனுக்கு மரியாதை உண்டு, ரோடு வரைகிறவனைக் கண்டால் பயம் உண்டு. பூங்கா வரைகிறவனைப் பார்த்து மட்டும் "பாவம், வேறு வேலை கிடைக்கவில்லை போலிருக்கிறது" என்று எல்லாரும் இரக்கப்படுவார்கள்.

நான் ஜொகூர் பாருவில், ஊருக்குப் பிளான் போடும் சர்க்கார் ஆபீஸில் படம் வரைகிறவனாக இருந்தேன். சிங்கப்பூரையும் எங்களையும் சேர்க்கும் கடற்பாலம் திறந்து, ரயிலும் மோட்டாரும் நேரே எங்கள் வாசலில் வந்து நிற்க ஆரம்பித்திருந்த காலம். ரப்பர் பணத்தில் மாடிக் கடைகள் எழும்பின. நேற்று தென்னை நின்ற இடத்தில் இன்று பெட்ரோல் விற்றார்கள். இப்படியே விட்டால் ஜனங்களுக்கு மூச்சு விட இடம் இருக்காது என்று மேலிடத்துக்குத் தோன்றி, ஒன்றும் கட்டக் கூடாத இடங்களுக்கும் பிளான் போடச் சொல்லிவிட்டார்கள். அந்த வேலை என் தலையில் விழுந்தது. ஆபீஸ் உத்தரவுக்கும் வீட்டுக்காரியின் முகத்துக்கும் நடுவே மாட்டிக்கொண்டு முழித்த அனுபவம் உங்களில் பலருக்கு இருக்கும். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போகலாம்.

பச்சைக் கட்டி

பிளானில் ஒவ்வொன்றுக்கும் ஒரு வர்ணம். கட்டடத்துக்குச் சிவப்பு, ரோட்டுக்குக் காவி, தண்ணீருக்கு நீலம், திறந்த வெளிக்குப் பச்சை. சிவப்பு வர்ணக் கட்டி வாங்க வாங்கத் தீர்ந்துபோகும். பச்சைக் கட்டி மட்டும் டப்பாவின் மூலையில் கல்லாக உட்கார்ந்திருந்தது. புதிதாகச் சீமையிலிருந்து ஒரு துரை வந்தார், அதற்கும் வேலை வந்தது. ஞாயிற்றுக்கிழமையும் தொப்பியை மாட்டிக்கொண்டு கால்நடையாகவே ஊரைச் சுற்றிப் பார்க்கிற மனிதர் அவர். ஸ்டேஷனுக்குப் பின்னால் ஓர் ஓடை ஓடும். ஓடைக்கு இந்தப் பக்கம் பள்ளமான புல்வெளி, அந்தப் பக்கம் காட்டு மரங்கள் நிற்கும் சின்னக் குன்று. எல்லாவற்றையும் சேர்த்துப் பென்சிலால் ஒரு வளைப்பு வளைத்து, "இது முழுதும் பச்சை" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

எனக்குக் கை ஓடவில்லை. அந்தப் புல்வெளியில் மேய்ந்துகொண்டிருந்தவை என் மனைவி தாயம்மாவின் மாடுகள். செவலை, மயிலை, கருப்பி என்று மூன்று. நான் வாங்கிக் கொடுத்தவை அல்ல. ஒரு கன்றில் ஆரம்பித்து அவளே பெருக்கியவை. என் சம்பளத்தில் பாதிக்கு மேல் ஊரில் இருக்கும் என் தம்பி தங்கைகளுக்குப் போய்விடும். ரயில்வே குடியிருப்புக்கு அவள் ஊற்றிய பாலில்தான் எங்கள் வீட்டில் உலை கொதித்தது. புல் போனால் மாடு போகும். மாடு போனால், யார் கையையும் எதிர்பார்க்காமல் நிமிர்ந்து நடக்கிற அவள் நடையும் போய்விடும் என்று எனக்குத் தெரியும். அன்று சாயங்காலமே விஷயத்தைச் சொல்லிவிட்டேன். தொட்டியில் தவிடு கரைத்துக்கொண்டிருந்தவள் தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"அது ஏற்கெனவே பச்சையாத்தானே இருக்கு. அதுக்கு மேல நீங்க என்னத்தப் பச்சை பூசப் போறீங்க?"

ஆளுக்கு ஒரு மூலை

பிளானை ஆபீஸ் மேஜையில் விரித்த நாளிலிருந்து, வந்தவர்கள் கண்ணெல்லாம் பச்சையின்மேல்தான். கிளப்புக்காரர்கள் டென்னிஸ் ஆட ஒரு மூலை கேட்டார்கள். போலீஸார் கவாத்துப் பழக ஒரு மூலை கேட்டார்கள். தண்ணீர் இலாகாவுக்குத் தொட்டி வைக்க ஒரு மூலை. சிங்கப்பூரிலிருந்து வரும் மோட்டார்களை நிறுத்த ஒரு மூலை. எல்லாரும் நல்லவர்கள், யாரும் பேராசைப்படவில்லை, ஒரே ஒரு மூலை போதும் என்றார்கள். பூங்காவுக்கு மொத்தமே நாலு மூலைதான் என்பது ஒருவர் கண்ணிலும் படவில்லை. நான் கத்தியால் பச்சையைச் சுரண்டிச் சிவப்பைப் பூசுவேன். துரை மறுநாள் வந்து பல்லைக் கடித்துக்கொண்டு, மறுபடி பச்சை பூசச் சொல்வார். சுரண்டிச் சுரண்டிக் காகிதம் அப்பளம் மாதிரி ஆகிவிட்டது.

என் நிலைமையைப் பாருங்கள். துரை ஜெயித்தால் மாட்டுக்கு வேலி, தோற்றால் மாட்டுக்கு டென்னிஸ். யாருக்காக வேண்டிக்கொள்வது என்றே தெரியவில்லை. கடைசியில் துரைதான் ஜெயித்தார், ஒரு மூலையை மட்டும் தண்ணீர்த் தொட்டிக்கு விட்டுக்கொடுத்து. வேலையைக் குத்தகை எடுக்க வந்த சீன முதலாளி லிம் தவுக்கே, ஊரில் பாதிக் கடைகளைக் கட்டிக் கொடுத்தவர், பிளானை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். தொட்டி மூலையைத் தவிரச் சிவப்பு எங்கேயும் அகப்படவில்லை. எனக்காக மனம் இளகி, மலாயில், வழக்கம்போல் கடைசியில் ஒரு 'லா' சேர்த்து, மெதுவாகச் சொன்னார்:

"இவ்வளவு பெரிய இடத்துல ஒண்ணுமே கட்டலேன்னா, பார்க்கிறவங்க உங்க சர்க்காருக்குக் காசு முடிஞ்சு போச்சுன்னு நினைப்பாங்க லா."

காட்டுக்குக் கூலி

குன்றை மட்டும் இருந்தபடியே விட்டுவிட வேண்டும் என்பது துரையின் உத்தரவு. மரம் வெட்டக் கூடாது, புதர் நீக்கக் கூடாது, பாதைகூட வேண்டாம். குத்தகைப் பட்டியலில் 'குன்று: ஒன்றும் செய்ய வேண்டாம்' என்று நானே எழுதினேன். தவுக்கே திருப்பி அனுப்பிய காகிதத்தில், மற்ற எல்லா வேலைகளையும்விட அதற்குத்தான் அதிக விலை போட்டிருந்தது. தப்பாக எழுதிவிட்டார் என்று நினைத்து, நேரிலே போய்க் கேட்டேன். விறகு பொறுக்க வருகிறவர்கள், கள்ளத்தனமாக மரம் அறுக்கிறவர்கள், குடிசை போட இடம் தேடுகிறவர்கள் என்று விரல் விட்டு எண்ணிக் காட்டினார். பிறகு என் அறியாமைக்கு வருத்தப்படுகிற மாதிரி தலையை ஆட்டினார்.

"அலமாக்! கட்டறதுன்னா ஒரு தடவை கட்டிட்டுப் போயிடலாம், சும்மா விடறதுன்னா தினமும் நின்னு பார்த்துக்கணும்லா."

உல்லாசம் யாருக்கு

வேலை ஆரம்பிக்கும் முன், அந்த இடத்தை ஜனங்கள் பொழுதுபோக்குக்கு எப்படி உபயோகிக்கிறார்கள் என்று பார்த்துவரச் சொன்னார் துரை. குடையோடு போய் ஓடைக்கரை மரத்தடியில் உட்கார்ந்தேன். ஆபீஸ் செலவில் மரநிழலில் உட்காரும் பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்? காலையில் சலவைக்காரர் வெள்ளைத் துணிகளைப் புல்மேல் பரப்பினார். கம்பம் என்கிற மலாய்க் கிராமத்திலிருந்து வந்த பெண்கள் ஓடை ஓரத்தில் கறிக்காகும் கீரைக் கொழுந்துகளைக் கிள்ளி மடியில் கட்டிக்கொண்டு போனார்கள். ஜாவாக்காரர் ஒருவர் பன்றிகள் தோண்டாத இடமாகப் பார்த்து மரவள்ளி நட்டிருந்தார். நடுவில் தாயம்மா மூன்று மாடுகளோடு வந்து, என்னைப் பார்த்தும் பார்க்காதவள் போல் போனாள். உத்தியோக நேரத்தில் அவள் என்னோடு பேசுவதில்லை.

பார்த்ததையெல்லாம் துரையிடம் சொன்னேன். ஒவ்வொன்றுக்கும் "அது வேலை, பொழுதுபோக்கு அல்ல" என்று தள்ளிக்கொண்டே வந்தார். சாயங்காலம் ஒரு சீனக் கிழவர் குருவிக் கூண்டைக் கிளையில் மாட்டிவிட்டு, பாட்டுக் கேட்பதைப் பற்றிச் சொன்னபோது மட்டும் முகம் மலர்ந்தது. அவர் அந்தக் குருவிகளை வளர்த்து விற்கிறவர் என்று நான் சொன்னதும் அந்த மலர்ச்சியும் வாடிவிட்டது. துரை கெட்ட மனிதர் அல்ல. நன்றாக யோசித்துத்தான் இதைச் சொன்னார்:

"அப்படியானால், இந்த இடத்தை இதுவரை யாரும் உபயோகிக்கவில்லை என்று எழுது."

நடுங்கிய கை

பூங்காவில் நடைபாதை நேராகப் போகக் கூடாதாம். வளைந்து வளைந்து போனால்தான் நடக்கிறவனுக்கு அடுத்து என்ன வருமோ என்று ஆசை இருக்குமாம். துரை சொன்னபடியே பாதையையும், அதை ஒட்டிப் போகும் வெளி வேலியையும் அழகாக நெளித்து வரைந்தேன். நான் வரைந்ததிலேயே அழகான கோடு அது என்று இன்றைக்கும் சொல்வேன். பாதையும் வேலியும் போட வந்தவர் முனியாண்டி. ரோட்டு வேலை ஆட்களுக்கு மண்டோர், அதாவது மேஸ்திரி. மூவார் பக்கத்திலிருந்து ஸ்கூடாய் வரைக்கும் அவர் ஆட்கள் போடாத ரோடு கிடையாது. கயிறு பிடித்தால் அவர் கோடு எள்ளளவு விலகாது.

துரையும் நானும் போய்ப் பார்த்தபோது பாதை ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு அம்பு மாதிரி போயிருந்தது. வேலியும் கூடவே நேராகப் போயிருந்தது. அதனால் பிளான்படி பூங்காவுக்குள் இருக்க வேண்டிய ஒரு பிறைத் துண்டுப் புல்வெளி வேலிக்கு வெளியே நின்றுவிட்டது. அதில் எங்கள் மாடுகள் மூன்றும் சாவகாசமாக மேய்ந்துகொண்டிருந்தன. எனக்கு உள்ளூரச் சந்தோஷம்தான், பொய் சொல்வானேன்? துரை முகம் சிவந்து, காரணம் கேட்கச் சொன்னார். முனியாண்டி என்னைத் தனியே கூப்பிட்டுக்கொண்டு போய், மற்றவர்கள் காதில் விழாதபடி குரலைத் தாழ்த்தினார்.

"ஐயா, தண்ணி போட்டுட்டு வரைஞ்சிருப்பீங்க, கோடு அப்படி ஆடியிருக்கு, புள்ளகுட்டிக்காரராச்சே, வேலை போயிருமேன்னு, நாங்க யார்கிட்டயும் சொல்லாம நேராக்கிட்டோம்."

செவலை போன நாள்

பாதையை மறுபடி பெயர்த்து, வளைத்துப் போட்டார்கள். வேலியும் வளைந்தது. பிறைத் துண்டும் உள்ளே போய்விட்டது. தாயம்மா கொஞ்ச நாள் ரயில் பாதை ஓரமாக மாடுகளை ஓட்டிப் பார்த்தாள்; ரயில்வேக்காரர்கள் விரட்டினார்கள். லாலாங் கோரையை அறுத்துப் போட்டுப் பார்த்தாள். மாடுகள் முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டன. பால் குறைந்தது. குடியிருப்பில் இரண்டு வீடுகள் டப்பாப் பாலுக்கு மாறின. ஒரு நாள் அவளாகவே, "மூணுல ஒண்ணைக் குடுத்துட்டா மத்த ரெண்டும் பிழைக்கும்" என்றாள்.  

ஸ்கூடாய் பக்கத்துப் பால்காரர் பழனி வந்து செவலையைப் பார்த்தார். பல்லைப் பிடித்துப் பார்த்து, மடியைத் தட்டிப் பார்த்து, இவ்வளவு நல்ல மாட்டை எதற்கு விற்கிறீர்கள் என்று சந்தேகப்பட்டார். காரணத்தைத் தாயம்மா உள்ளபடி சொன்னாள். என்மேல் ஒரு குற்றமும் வைத்துச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு அதிகமாக வலித்தது. கயிற்றை மாற்றிக் கட்டும்போது செவலை திரும்பித் திரும்பி வீட்டைப் பார்த்தது. தாயம்மா உள்ளே போய் ஏதோ பாத்திரத்தை விளக்க ஆரம்பித்தாள். பழனி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"சூதாடித் தோத்தவன் மாட்டை வித்துப் பார்த்திருக்கேன், சீக்குக்காரன் வித்துப் பார்த்திருக்கேன், ஊர் காத்து வாங்கறதுக்காக மாட்டை விக்கிற வீட்டை இப்பத்தாங்க பார்க்கிறேன்."

பலகை

பூங்கா திறந்தாகிவிட்டது. பந்தல் போட்டு, பேண்டு வாசித்து, ரிப்பன் வெட்டினார்கள். வாசலில் ஒரு பலகை: ஜாவி எழுத்தில் மலாய், இங்கிலீஷ், சீனம், தமிழ். தமிழ் வரிகளை எழுதியவன் அடியேன். புல்லை மிதிக்கக் கூடாது. பந்து ஆடக் கூடாது. துணி உலர்த்தக் கூடாது. பூப் பறிக்கக் கூடாது. சத்தம் போடக் கூடாது. மாடு ஆடுகளை உள்ளே விடக் கூடாது. அந்தக் கடைசி வரியை எழுதும்போது என் பேனா கொஞ்சம் நின்றது. பிறகு எழுதிவிட்டேன், சம்பளம் வாங்குகிறேனே.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு தோட்டத்துக் குடும்பம் வந்தது. ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டும் சனங்கள். ஊர் பார்க்க வந்தவர்கள். புதுச் சேலையும் சரிகை வேட்டியுமாக வாசலில் நின்று, வீட்டுக்காரர் பலகையை எழுத்துக் கூட்டி முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் படித்துக் காட்டினார். எல்லாரும் கை கட்டிக் கேட்டார்கள். படித்து முடித்த பிறகும் ஒருவரும் உள்ளே போகவில்லை. அந்தம்மா பலகையின் பின்பக்கம் போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்து, பக்கத்தில் நின்ற என்னிடம் கேட்டார்:

"உள்ள போய் என்ன செய்யலாம்னு வேற பலகையில எழுதியிருக்காங்களா, அண்ணே?"

அரிவாளோடு ஒருத்தி

ரப்பர் விலை விழுந்தது. பெரிய பெரிய தவுக்கேக்களே மோட்டாரை விற்றார்கள். ரோட்டு வேலை ஆட்களைக் கும்பல் கும்பலாக ஊருக்குக் கப்பல் ஏற்றினார்கள். முனியாண்டி மண்டோரும் போனார். ஸ்டேஷனில் வழியனுப்பும்போது, "கையைப் பாத்துக்குங்க ஐயா" என்று அப்போதும் எனக்குப் புத்தி சொன்னார்.  பூங்காவில் புல் வெட்ட ஆள் இல்லை. ஜொகூர் மழையைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. முதலில் கணுக்கால் மறைந்தது, பிறகு முழங்கால் மறைந்தது. என் அழகான வளைந்த பாதை எங்கே போகிறது என்றே தெரியவில்லை. பாம்பு என்றார்கள், கொசு என்றார்கள். துரை ஆள் கேட்டு மேலிடத்துக்கு எழுதி எழுதி ஓய்ந்துவிட்டார்.

ஒரு நாள் காலையில் ஆபீஸ் வாசலில் கூச்சல். ஜாகா என்று நாங்கள் கூப்பிடும் காவல்காரர், தலையில் புல்லுக் கட்டோடும் கையில் அரிவாளோடும் இருந்த ஒரு பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். பூங்காவில் திருடினாளாம். நிமிர்ந்து பார்த்தேன், தாயம்மா. துரை வெளியே வந்து, என்ன சொல்கிறாள் என்று கேள் என்றார். உத்தியோக நேரத்தில் என் மனைவி என்னோடு பேசியது அன்று ஒரு நாள்தான். "மாடு உள்ள வரக் கூடாதுன்னுதானே பலகையில போட்டிருக்கு? வரலையே. வாசல்லயே படுத்திருக்கு. புல்லு வெளிய வரக் கூடாதுன்னு எங்க போட்டிருக்கு?" என்றாள். கூட்டாமல் குறைக்காமல் இங்கிலீஷில் சொன்னேன். துரை புல்லுக் கட்டைப் பார்த்தார். எட்டத்தில் காடாகிக் கிடந்த தம் பூங்காவைப் பார்த்தார். "யார் இந்த அம்மாள்?" என்றார். "என் மனைவி, சார்" என்றேன். வேண்டிய மட்டும் அறுத்துக்கொள்ளட்டும், பாதையோரத்தை மட்டும் ஒழுங்காக வைத்துக்கொள்ளட்டும் என்று சொல்லி உள்ளே போய்விட்டார். பிழைத்தோம் என்று எனக்கு உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. சாயங்காலம் இரண்டு மாடுகளுக்கும் நிறையப் புல்லைப் போட்டுவிட்டு, செவலையைக் கட்டியிருந்த முளைப்பக்கம் போய் நின்றாள் தாயம்மா. பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"அடுத்த பூங்காவை எங்க போடப் போறீங்கன்னு முன்னாடியே சொல்லிருங்க, நான் இன்னொரு மாடு பார்க்கணும்."

இத்தனை வருஷம் பச்சை பூசியதில் நான் கண்டது இவ்வளவுதான்: ஒரு பட்டணத்தில் காலி இடத்தைப் பார்க்க வேண்டுமானால் எங்கள் பிளானில்தான் பார்க்க வேண்டும், தரையில் அப்படி ஒன்று இருந்து நான் பார்த்ததில்லை.